ஐந்து நட்சத்திரமும் ஒரு சம்பளப் பட்டியலும்



அமெரிக்காவின் டென்வர் நகரப் பகுதியில், அரசு உதவிப் பணத்தில் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள் சார்பில் 1975-இல் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. இல்லங்களின் குறைகளைச் சொல்லித் தொடங்கிய வழக்கு, வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த சுகாதாரத் துறைச் செயலரின் மேசைவரை போய் நின்றது. இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது அரசின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அரசு எந்த அழகில் நிறைவேற்றுகிறது என்பதற்கு ஒரு படிவம் சாட்சியானது. ஆய்வுக்குப் போகும் அதிகாரி நிரப்ப வேண்டிய படிவம் அது. அதில் 541 கேள்விகள் இருந்தன. உள்ளே இருக்கும் மனிதருக்குக் கிடைக்கும் பராமரிப்போடு கொஞ்சமாவது தொடர்புள்ளவை, அவரை நேரில் பார்த்தால்தான் விடை எழுத முடியும் என்ற வகையைச் சேர்ந்தவை, தாராளமாக எண்ணினாலும் 30. மீதியெல்லாம் கட்டடமும் கோப்பும் எழுதிவைத்த விதிகளும்.

ஸ்மித் எதிர் ஹெக்ளர் என்ற அந்த வழக்கில் 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாதிகள் பக்கம் தீர்ப்பளித்தது. நல்ல பராமரிப்பைத் தரும் வசதி ஓர் இல்லத்துக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது. உண்மையில் தருகிறதா என்று கண்டறியும் முறையை வகுப்பது செயலரின் கடமை என்றது.

இங்கே பேசப்படுவது பிரசவத்துக்கும் குடலிறக்க அறுவைக்கும் நம்மூரில் போய்ப் படுக்கும் நர்சிங் ஹோம் அல்ல. எழுந்து நடக்க முடியாதவர், தானாகச் சாப்பிட முடியாதவர், மறதிநோய் முற்றியவர் ஆகியோர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் இல்லம். அமெரிக்காவில் இப்படி ஏறத்தாழ 15,000 இல்லங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் அவற்றில் வாழ்கிறார்கள். அந்த நாட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அங்கே பராமரிப்பு உயர்ந்தது என்பதல்ல. தன் இல்லங்களைப் பற்றி அத்தனை எண்களை அது பொதுவில் கொட்டி வைத்திருக்கிறது. அந்த எண்களில் எவை நின்றன, எவை கவிழ்ந்தன என்று பார்க்க முடிகிறது. பார்த்தால் ஒன்று புலப்படும்: மதிப்பெண்ணை இல்லமே எழுதிக்கொடுத்த இடத்திலெல்லாம் மதிப்பெண் வளர்ந்தது, வேறொருவர் கணக்கோடு ஒத்துப்பார்த்த இடத்தில் சுருங்கியது.

தரத்தை அளப்பதற்கு ஓர் இலக்கணம் ஏற்கெனவே இருந்தது. பெய்ரூத்தில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966-இல் எழுதிய கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செய்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். கட்டில் இருக்கிறதா என்பது அமைப்பு. கட்டிலில் கிடப்பவரை நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்பது செய்முறை. முதுகு புண்ணாகாமல் இருக்கிறதா என்பது விளைவு. 541 கேள்விகளும் பெரும்பாலும் கட்டிலையே எண்ணிக்கொண்டிருந்தன.

டென்வர் தீர்ப்பும், 1986-இல் அந்நாட்டின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையும் சேர்ந்து நெருக்க, 1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட பெரிய நிதிச் சட்டம் ஒன்றின் உள்ளே பராமரிப்பு இல்லச் சீர்திருத்தம் நுழைந்தது. ஒவ்வொருவரின் உடல்நிலை, மனநிலை, எடை, புண், நடமாட்டம் எல்லாவற்றையும் ஒரே அச்சான படிவத்தில் குறிக்க வேண்டும். பராமரிப்பு உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி வேண்டும். ஆய்வுக்குழு சொல்லாமல் கொள்ளாமல் வரவேண்டும். இரண்டு ஆய்வுகளுக்கு இடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ‘நாளைக்கு வருகிறார்கள்’ என்று முன்கூட்டியே காதில் போடுபவருக்கு 2,000 டாலர் வரை அபராதம். அமைச்சர் வருகைக்கு முதல்நாள் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று அந்தப் பிரிவைப் படித்தால் தெரியும்.

இந்தச் சட்டத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வெற்றி உண்டு. எண்பதுகளில் அமெரிக்க இல்லங்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கட்டிலோடோ நாற்காலியோடோ வாரால் கட்டப்பட்டிருந்தார்கள். கீழே விழுந்துவிடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. மருத்துவக் காரணம் இல்லாமல், பணியாளரின் வசதிக்காகக் கட்டக்கூடாது என்று சட்டம் சொன்னது. இன்று கட்டப்பட்டிருப்பவர்கள் நூறில் ஒருவர் இருவர்கூட இல்லை. சட்டத்தின் மொழி கடுமையாக இருந்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. கட்டு என்பது ஆய்வாளர் வராந்தாவில் நடந்தாலே கண்ணில் படுவது. அதைக் கோப்பில் ஒளித்து வைக்க முடியாது.

மாத்திரையை ஒளிக்க முடியும்.

மறதிநோய் உள்ளவர் இரவில் கத்துவார், அலைவார், குளிக்கவைக்கப் போனால் அடிப்பார். கட்டக்கூடாது என்றான பிறகும், அவரை அடக்கிவைக்க மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் இருந்தன. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை சாவின் அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்திருந்தது. 2011-இன் கடைசியில் நீண்டகாலம் தங்கியிருப்போரில் 23.9 சதவீதம் பேர் இவற்றை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கி, இல்லம்தோறும் இந்தச் சதவீதத்தை வெளியிட ஆரம்பித்தது. எண் இறங்கியது. பத்தாண்டுக்குள் 15-ஐ ஒட்டி வந்துவிட்டது. பாராட்டுக் கூட்டம் போடலாம் என்ற நிலை.

ஆனால் கணக்கில் ஒரு விலக்கு இருந்தது. மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு அந்த மருந்து நியாயமாகத் தேவை. ஆகவே அவரை எண்ண வேண்டாம் என்று விதி. 2021 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்த விலக்கின் பின்னால் போய்ப் பார்த்தது. 2012-க்குப் பிறகு இல்லங்களில் மனச்சிதைவு நோயாளிகளின் பங்கு 70 சதவீதம் கூடியிருந்தது. இல்லத்தில் வாழ்பவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்த நோய் குறிக்கப்பட்டிருந்தது. பொதுமக்களிடையே அது 150 பேருக்கு ஒருவர். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தலைகாட்டும் ஒரு நோய், எண்பது வயதில், அதுவும் இல்லத்தில் சேர்ந்த பிறகு, திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நோயாளி மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை. கோப்பில் ஒரு சொல் கூடியிருந்தது. 2023 ஜனவரியில்தான் இந்த நோய்க்குறிப்புகளைத் தணிக்கை செய்யப்போவதாக அரசு அறிவித்தது.

இதே கதையின் பெரிய வடிவம்தான் நட்சத்திரங்கள். 2008 டிசம்பரிலிருந்து ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்துவரை நட்சத்திரம் தரப்படுகிறது. ஆய்வில் கண்ட குறைகள், பணியாளர் அளவு, நோயாளிகளின் நிலை காட்டும் குறியீடுகள் என்று மூன்றிலிருந்தும் அது கட்டப்படுகிறது. தாயைச் சேர்க்க இடம் தேடும் பிள்ளைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மூன்றில் முதல் ஒன்றை மட்டும் வெளியாள் எழுதினார். மற்ற இரண்டையும் இல்லமே எழுதி அனுப்பியது. பணியாளர் எண்ணிக்கையைக்கூட, ஆய்வு நடக்கும் சமயத்தை ஒட்டிய இரண்டு வாரத்துக்கு இல்லம் சொல்வதே கணக்கு. மாமியார் வரும் இரண்டு வாரத்தில் வீடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2016-இலிருந்து ஒரு மாற்றம் வந்தது. பணியாளர் நேரத்தைச் சம்பளப் பட்டியலிலிருந்து, நாள்வாரியாக, தணிக்கைக்கு நிற்கும் வடிவில் அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளைக் கூட்டினால் அவருக்குச் சம்பளம் கொடுத்த கணக்கும் காட்ட வேண்டும். பொய்க்கு விலை வந்துவிட்டது. 2018-இல் கைசர் ஹெல்த் நியூஸ் செய்தி நிறுவனம் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பத்து இல்லங்களில் ஏழில் ஆள் குறைந்தது. சராசரிச் சரிவு 12 சதவீதம். நாள்வாரிக் கணக்கு என்பதால் இன்னொன்றும் வெளியே வந்தது. சனி, ஞாயிறுகளில் படுக்கையருகே நிற்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துபோனார்கள். நோயாளிக்கு வார விடுமுறை கிடையாது என்பதால் அந்த வேலை குறைந்திருக்க வாய்ப்பில்லை.

விழுந்து எலும்பு முறிவதையும் இல்லமே எழுதி அனுப்புகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சாங்வி குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய வேலையைச் செய்தார்கள். விழுந்து அடிபட்டவர்களுக்காக மருத்துவமனைகள் காப்பீட்டிடம் கேட்ட பணத்தின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அதே நோயாளியைப் பற்றி இல்லம் எழுதிய படிவத்தைத் தேடினார்கள். பெரிய காயம் ஏற்பட்ட விழுகைகளில் இல்லங்கள் ஒப்புக்கொண்டு எழுதியவை 57.5 சதவீதம். பில் போட்ட மருத்துவமனை மறக்கவில்லை, இல்லம் மறந்திருந்தது.

வெளியாள் வந்து எழுதும் ஆய்வு அறிக்கையும் பழுதில்லாதது அல்ல. குறையின் தீவிரமும் பரவலும் சேர்ந்து ‘ஏ’ முதல் ‘எல்’ வரை பன்னிரண்டு எழுத்துகளில் ஒன்று விழும். இந்த ஆய்வுப் பகுதிக்கு நட்சத்திரம் தரும்போது ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் மேலே நிற்கும் 10 சதவீதத்துக்கு ஐந்து, அடியில் நிற்கும் 20 சதவீதத்துக்கு ஒன்று என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் எல்லாமே மோசமாக இருந்தாலும் அங்கேயும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடும். ஆனாலும் இந்த அறிக்கைகளின் வாசகம் முழுவதும் படிக்கக் கிடைக்கிறது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு அறிக்கையைப் படிப்பவருக்கு, எந்தத் தளத்தில் எத்தனை மணிக்கு அழைப்பு மணி அடித்து யாரும் வரவில்லை என்பதுவரை தெரியவரும்.

படுக்கைப் புண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இடுப்பின் அடியில், குதிகாலில், எலும்பு தோலை அழுத்தும் இடத்தில் முதலில் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. அது முதல் நிலை. நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியும். 1962-இல் பிரிட்டனின் டோரின் நார்ட்டன் என்ற செவிலியர் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு, தைலமும் பொடியும் தேய்ப்பதைவிட அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று காட்டியது. அன்றுமுதல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை என்பது வார்டுகளின் பொது வழக்கம். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும்; நாளுக்குப் பன்னிரண்டு கட்டம்.

அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் டிக் குறியைப் பார்ப்பதில்லை, மையைப் பார்ப்பார்கள். பன்னிரண்டு டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் போட்டது. மாலை நான்கு மணிக்கே ஆறு மணிக் கட்டம் நிரம்பியிருந்தால் அதற்குமேல் விசாரிக்கத் தேவையில்லை.

இதற்குப் பணியாளரைத் திட்டுவதில் பயனில்லை. கணக்குப் போட்டால் புரியும். இருபது பேர் படுத்த படுக்கையாக இருக்கும் தளம், இரவில் இரண்டு பேர் பணியில். ஒருவரைப் புரட்டி, டயப்பர் நனைந்திருந்தால் மாற்றி, கால்களுக்கு இடையே தலையணை வைத்து, போர்த்திவிட, இருவர் சேர்ந்து செய்தால் ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு 120 நிமிடம். முடித்து நிமிரும்போது முதல் கட்டிலின் அடுத்த முறை வந்துவிட்டிருக்கும். இடையில் யாரும் தண்ணீர் கேட்கக்கூடாது, யாரும் விழக்கூடாது, பணியாளர் இருவரும் கழிவறைக்குப் போகக்கூடாது. அட்டையில் டிக் போடப்படும், வேலை நடக்காது. பொய் எழுதியவரின் குணத்தைவிட, அன்றிரவு எத்தனை பேரைப் பணியில் போட்டார்கள் என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது.

அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் நாள் ஒன்றுக்கு ஒரு நோயாளிக்கு எத்தனை மணிநேரப் பராமரிப்பு என்ற எண்ணைச் சுற்றியே வருகிறார்கள். அரசுக்காக 2001-இல் முடிக்கப்பட்ட ஆய்வு 4.1 மணிநேரம் என்றது. 2024-இல் 3.48 மணிநேரமாவது கட்டாயம் என்று விதி வந்தது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அதை ரத்து செய்தார். ஜூலையில் நாடாளுமன்றம் அதன் அமலாக்கத்தை 2034 வரை தள்ளிவைத்தது. ஆள் கிடைக்கவில்லை, கட்டுப்படியாகாது என்பது இல்லங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆள் ஏன் நிற்பதில்லை என்பதற்குத்தான் பதில் வேண்டும். அஷ்வின் காந்தி உள்ளிட்ட மூவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி செவிலியர், உதவியாளர் மாறும் வேகம் நடுத்தரமான ஓர் இல்லத்தில் ஆண்டுக்கு 94 சதவீதம். சராசரி 128. போன பொங்கலுக்கு ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டியவர் இந்தப் பொங்கலுக்கும் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. எந்தப் பாட்டி இடது பக்கம் மென்றால்தான் விழுங்குவார் என்பது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அது போகிறவரோடு போய்விடுகிறது.

இல்லத்தில் வாழ்கிறவரைக் கேட்டாலே போதாதா என்று தோன்றும். கேட்டவர்கள் உண்டு. எல்மா ஹோல்டர் 1975-இல் தொடங்கிய நுகர்வோர் கூட்டமைப்பு, பத்தாண்டு கழித்து 15 நகரங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இல்லவாசிகளை உட்காரவைத்து நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டது. கட்டடத்தையும் கருவியையும் அவர்கள் முன்னால் வைக்கவில்லை. பணியாளர்களைச் சொன்னார்கள்: போதிய ஆள் வேண்டும், அன்பாக நடத்த வேண்டும். எதை எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதில் தங்கள் சொல்லும் ஏற வேண்டும் என்றார்கள்.

ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. மாதம் ஒருமுறை வரும் மகன், வார்டன் பக்கத்தில் நிற்க, “அம்மா, இங்க நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?” என்றால், “அதுக்கென்னப்பா குறை, நல்லாத்தான் பாத்துக்கிறாங்க” என்றுதான் பதில் வரும். மகன் போய்விடுவான், வார்டன் போகமாட்டார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். “நேத்து ராத்திரி தண்ணி தாகம் எடுத்தா யாரைக் கூப்பிட்டீங்க? வந்தாங்களா?” என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். அந்தப் பதிலுக்கு முன்பே, தண்ணீர்ச் சொம்பு கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எடைக் குறிப்பேட்டைக் கேட்கலாம். ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அமெரிக்கப் படிவத்தில் அது அபாயக் குறி. ஊட்டிவிட ஆளில்லாத இல்லத்தில் அது தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர் கையிலேயே தெரியும். குறிப்பேடே இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு, 2021-இல் மாநில மக்களில் 13.6 சதவீதமாக இருந்த, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற 150 முதியோராவது தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் அமையலாம் என்கிறது. கட்டணம் கட்டும் பக்கம் கோவையைச் சுற்றி வளர்ந்த முதியோர் குடியிருப்புகள் உண்டு. அங்கே இடம் தேடும் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருந்தபடி, கூகுள் நட்சத்திரத்தையும் தோட்டத்துப் படத்தையும் பார்த்து முன்பணம் அனுப்புகிறார்கள். பதிவு செய்யும்போது கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறோம். டென்வர் படிவத்தின் 511 கேள்விகள் நம்மிடமும் உண்டு. 30-ஐத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க விதிகளிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம் என்றால், நட்சத்திரத்தை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கலாம். ஒவ்வோர் இல்லமும் தினமும், ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும், எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், எத்தனை உதவியாளர், எத்தனை மணிநேரம் என்று வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் கணக்கைப் பதினெட்டு மாதம் காப்பாற்றியும் வைக்க வேண்டும். நம் பள்ளிக்கூடக் கரும்பலகையின் மூலையில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதும் கட்டத்துக்கு மேல் இதற்கு வேறொன்றும் தேவையில்லை. இரவுப் பணிக்கு மட்டும் தனி வரி வேண்டும். பகலோடு கூட்டிப்போட்டால் இரவு மறைந்துவிடும்.

பலகையிலும் பொய் எழுதலாம். ஒத்துப்பார்க்க நம்மிடமே ஏடு இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. பதிவும், இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். பதிவும் இருக்கும், மாதாமாதம் பெயர்வாரியாகப் பணம் கட்டிய கணக்கு அது. பதிவைப் புதுப்பிக்க வரும் இல்லத்திடம் கடந்த மூன்று மாதத்துப் பலகைக் கணக்கையும் அந்தச் செலுத்துச் சீட்டுகளையும் சேர்த்து வாங்கினால், உட்கார்ந்து சரிபார்க்க ஒரு உதவியாளருக்கு ஒரு பிற்பகல் போதும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை; பதிவு நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் நடந்துவிடும். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே, நாலைந்து பணியாளரோடு வாடகை வீட்டில் நடக்கும் சின்ன இல்லங்களுக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் வழி காண வேண்டும். கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் அந்த வாசல்களில்தான்.